ஒரே தட்டச்சில் அடித்த மூன்று கடிதங்கள்

சிட்னியில் ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தோசைக் கடையில் போன மாதம் என்னை வசமாக மாட்டிவிட்டவள் ஜனனி. எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் மதுரைக்காரர் ஒருவரின் மகள். பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நானும் அந்தக் காலத்தில் அது போன்றதொரு வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், இப்ப வர்ற ரெக்கமண்டேஷன் லெட்டர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஸ்டூடண்டே கம்ப்யூட்டர வச்சு எழுதி, ப்ரொபஸர்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிடறான். உங்க காலத்துல இந்தத் தொல்லையே இருந்திருக்காது, இல்ல?"

தண்ணீர் கேட்டேன். பிறகு சட்னி கேட்டேன். தட்டில் தோசை பாதி இருக்கும்போதே எழுந்து கைகழுவப் போனேன். வீட்டுக்கு வந்த பின்னும் கதிரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. என் மனைவி சரோ, "என்னப்பா, உங்கட காலில சக்கரமே?" என்று கேட்டாள். இருக்க முடியாதபடியால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் மெல்பேர்னில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரிக்கு வருகிற விண்ணப்பங்கள் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். இராணுவம் என்றவுடன் என்னைத் துப்பாக்கியோடு நினைத்துப் பார்க்க வேண்டாம். என்னிடம் இருந்த ஆயுதம் ஒரு மிருதுவான கரிப் பென்சில்.

சரோ ஆஸ்பத்திரித் தாதி. அவளைத்தான் இந்த நாடு கூப்பிட்டது. அவள் கொண்டுவந்த பெட்டிகளில் நானும் ஒன்று. அதற்கு முன் கொழும்பில் ஒரு பாடசாலைக் கந்தோரில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியிருந்தேன். இலங்கைக்காரருக்கு அப்போது பிரிட்டிஷ் பிரஜை என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபடியால் இங்கே அரசாங்கச் சோதனை எழுத விட்டார்கள். எழுதினேன், கிடைத்தது. முதல் ஒரு வருடம் தகுதிகாண் காலம். அது முடிய மேலதிகாரி அறிக்கை எழுத வேண்டும். உறுதி செய்தால் ஓய்வூதியத்தோடு நிரந்தர வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்கு.

பயிற்சி என்று மூன்று கிழமை நடந்தது. எந்தக் கோப்புக்கு எந்த நிறம், தேநீர் எத்தனை மணிக்கு, யாரை மரியாதைக்கு 'சேர்' என்று கூப்பிடக்கூடாது. மூன்றாவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

என் மேலதிகாரி மேஜர் டன். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மெலிந்த மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையிலிருக்கும் பென்சிலை எடுத்து விளிம்புக்கு நேராக வைப்பார். அவ்வளவுதான். அந்தப் பென்சில் நேராவதைப் பார்த்தாலே நாங்கள் கோப்புக்குள் தலையை விட்டுவிடுவோம்.

முதல் நாளே அவர் சொன்னார்: "மிஸ்டர் சிவா, உங்களைத் தெரிவு செய்தது நான். ஏழு பேருடைய சான்றுக் கடிதங்களைப் பார்த்தேன். ஆறில் வெறும் காற்று. உங்களுடையதில் ஒரு வசனம் இருந்தது. வெள்ளத்தில் பாடசாலைப் பதிவேடுகளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்."

நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

மேஜர் கடிதம் வாசிக்கும்போது உட்கார மாட்டார். யன்னலோரத்தில் சாய்வான பலகை ஒன்று வைத்திருந்தார். அதில் கடிதத்தைக் குத்திவிட்டு நின்றபடி வாசிப்பார். ஒரு பையனின் வரப்போகிற முப்பது வருட வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது சாய்ந்து கிடக்கக் கூடாது என்பார். எங்களையும் நிற்க வைத்துவிட்டார். பின்னேரமானால் கால் இரண்டும் வீங்கும்.

ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் மூன்று கடிதம் வேண்டும். அவற்றை மேலிருந்து கீழே வாசிக்கக் கூடாது. முதலில் கையெழுத்து, பிறகு எழுதியவருக்குப் பையனை எத்தனை காலம் தெரியும் என்பது. அடுத்து தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, அழித்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டச்சு என்றால் எழுத்துகளின் தேய்மானத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். கடைசியில்தான் வாசிப்பு. வாசிக்கும்போது பென்சிலால் புகழ்ச்சியை எல்லாம் மெல்லிதாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒழுக்கமான, துணிச்சலான, கடமை தவறாத என்று எது வந்தாலும் வெட்டு. வெட்டிய பிறகு மிஞ்சுவது எதுவோ அதை மட்டும் வாசிப்புத் தாளில் எழுத வேண்டும். பையன் என்ன செய்தான், அதை எழுதியவர் கண்ணால் கண்டாரா, எதைச் சொல்லாமல் விட்டார்.

சொல்லாமல் விட்டது பெரிதாகத் தெரிந்தால் மேஜர் தொலைபேசி எடுப்பார். கேட்பது ஒரே கேள்வி. "மழைக்குள் கார் டயர் மாற்ற வேண்டி வந்தால் இவன் காருக்குள் இருப்பானா, வெளியே நிற்பானா?" மறுமுனையில் இருப்பவர் சொல்லும் பதிலைவிட, அந்தப் பதில் வர எடுத்த நேரத்தைத்தான் அவர் குறித்துக்கொள்வார்.

முதல் மாதமே நான் ஒரு பெரிய பிழை விட்டேன். பால் பண்ணைக்காரர் ஒருவர் கோணல் எழுத்தில் நாலு வரி எழுதியிருந்தார். 'மூன்று வருடம் என்னிடம் பால் கறந்தான். ஒரு நாளும் பிந்தவில்லை. ஒருமுறை என்னோடு சண்டை பிடித்தான், அவன் சொன்னதுதான் சரி. போனால் எனக்கு நட்டம்.' அரசாங்கத்துக்கு எழுதுகிற கடிதத்தில் சண்டை பிடித்தான் என்று எழுதினால் இந்த மனிதர் பையனை ஒழித்துக்கட்டத்தானே பார்க்கிறார்? மற்றக் கடிதங்களுக்கெல்லாம் ஆகக் கீழே போட்டேன். மேஜர் அதைத் தூக்கி ஆக மேலே வைத்தார்.

"தன் பிழையை ஒப்புக்கொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார், மிஸ்டர் சிவா. அந்தப் பையனைப் பற்றி வேறு என்ன தெரிய வேண்டும்?"

எனக்கு விளங்க நாளெடுத்தது. நான் வந்த இடத்தில் கடிதம் வேறு சாதி. பிரின்சிப்பலிடம் நற்சான்று கேட்டுப் போகிறவன் வெறுங்கையோடு போக மாட்டான். தானே நகல் எழுதிக்கொண்டு போவான். பெரிய மனிதரை நமக்காக உட்கார்ந்து யோசிக்க வைப்பது மரியாதைக் குறைவு. எழுதத் தெரியாதவன் என்னிடம் வருவான். நான் மாதிரிக் கடிதக் கொப்பி ஒன்று வைத்திருந்தேன். கெட்டிக்காரனுக்கு ஒரு மாதிரி, நடுத்தரத்துக்கு ஒரு மாதிரி, குழப்படிக்காரனுக்கு ஒரு மாதிரி. பெயரை மாற்றி அடித்தால் போதும். பிரின்சிப்பல் தேநீர் குடித்தபடி கையெழுத்து வைப்பார். யாரையும் ஏமாற்றுகிறோம் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. பல்லக்குத் தூக்கினவனைவிட, பல்லக்கில் போகிறவர் யார் என்பதுதானே எங்களுக்குப் பெரிது.

நான் மெல்பேர்னுக்குக் கொண்டுவந்த என் சான்றுக் கடிதமும் அப்படி நானே எழுதி நானே அடித்ததுதான். அந்த வெள்ள வசனம் உட்பட. இது மேஜருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர் அந்த வெள்ளத்தைப் பாராட்டாக நினைவூட்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கோப்பு அடுக்குவேன்.

ஏழு, எட்டு மாதமானது. வேலை கைக்குள் வந்துவிட்டது. காற்று எது, கல் எது என்று மணந்து பார்த்தே சொல்வேன். அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை காலை ரவீந்திரனின் கோப்பு வந்தது.

பதினெட்டு வயது. தகப்பன் பெயர் துரைசிங்கம். கொழும்பில் படித்து, கடைசி ஒரு வருடம் மட்டும் மெல்பேர்னில் படித்தவன். இங்கே ஒரு பாதிரியார் கொடுத்த கடிதம் பரவாயில்லை. மற்ற இரண்டும் கொழும்பிலிருந்து வந்தவை. ஒன்று பிரின்சிப்பல், மற்றது கிரிக்கெட் மாஸ்டர். பூதக்கண்ணாடியை வைத்தேன். இரண்டிலும் e எழுத்தின் வயிறு மையால் அடைத்திருந்தது. இரண்டிலும் t அரை நூல் மேலே துள்ளி நின்றது.

எனக்குப் பூதக்கண்ணாடி தேவையே இல்லை. அந்த t என்னிடம் ஒன்பது வருடம் துள்ளியது. அது என் பழைய பாடசாலைத் தட்டச்சுப் பொறி. கடிதங்களில் இருந்ததும் என் வசனங்கள். 'பெற்றோருக்கும் பாடசாலைக்கும் பெருமை தேடித் தரும் நல்லொழுக்கம் உடையவர்.' அது நான் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து எழுதி, பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தலையில் கட்டிய வசனம். பார்த்தவுடன் முதலில் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சின்னப் பெருமை. அடுத்த நிமிடம் கோப்பை மூடப் பார்த்தேன்.

மேஜர் ஏற்கனவே என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இரண்டு பேர், ஒரு பொறி," என்றார். இரண்டிலும் புகழ்ச்சியை வெட்டினார். மிஞ்சியது பையனின் பெயரும் திகதியும்தான். பென்சிலை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்தார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நேர்மைச் சீட்டு. போலிக் கடிதம் கொடுத்தவன் என்று எழுதி, தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றுக்கும் பிரதி போகும். ஒருமுறை போனால் அந்தப் பெயர் மூன்று வாசலிலும் எப்போதைக்கும் அடைபட்டதுதான். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று மேஜருடையது. மற்றது முதலில் வாசித்த கிளார்க்குடையது.

"நான் இன்னொரு முறை பார்க்கிறேன்," என்றேன்.

"பாருங்கள். திங்கள் பத்து மணிக்கு வேண்டும்."

உண்மை எனக்கு முழுதாகத் தெரியும். அங்கே பாடசாலைக்கு ஒரே ஒரு பொறிதான். பிரின்சிப்பலும் அதில்தான், மாஸ்டரும் அதில்தான், அயலிலுள்ள கோயில் தர்மகர்த்தாவும் அதில்தான். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ஒரே வழி, அதே பொறியில் அடிக்கப்பட்டு, இதே மேஜர் நம்பி ஏற்றுக்கொண்ட இன்னொரு கடிதத்தைக் காட்டுவது. அது என் சொந்தக் கோப்பில் இருந்தது. அதைக் காட்டினால் அடுத்த கேள்வி, "இதை எழுதியது யார்?" என்பதாகத்தான் இருக்கும். தகுதிகாண் காலம் முடிய இன்னும் நாலு மாதம்.

சனிக்கிழமை பின்னேரம் வாசலில் ஆள். தன் தோட்டத்துக் கத்தரிக்காய் ஒரு பையோடு, ஐம்பது வயதிருக்கும் ஒருவர். அப்போது மெல்பேர்னில் தமிழர்கள் விரல்விட்டு எண்ணுகிற தொகைதான், யாரும் யாரையும் கண்டுபிடித்துவிடலாம். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிற துரைசிங்கம் என்று தன்னைச் சொன்னார். வியாழக்கிழமைக் கோப்பில் இருந்த அதே பெயர்.

"தம்பி, நீங்கள் ஆமிக் கந்தோரில இருக்கிறியள் எண்டு சொல்லிச்சினம். என்ர மகன் ரவி விண்ணப்பம் போட்டிருக்கிறான். சின்ன வயசில இருந்து அவனுக்கு அதுதான் ஆசை. தாய்க்கு விருப்பமில்லை, நான்தான் பாவமெண்டு விட்டனான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ."

"அண்ணை, அங்க அப்பிடி வார்த்தை சொல்ல ஏலாது."

"வார்த்தை சொல்ல ஏலாத கந்தோர் உலகத்தில எங்க இருக்கு?" என்று சிரித்தார்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "கொழும்புக் கடிதங்கள் ஆர் எழுதினது?"

"நான் விபரம் எழுதி எயார் மெயிலில அனுப்பினனான். வெறுங்கையோட கேக்கலாமே? கந்தோர்ப் பெடியன் நல்லவன். முந்தியிருந்த கிளார்க் ஆரோ நல்ல இங்கிலிசில மாதிரிக் கொப்பி ஒண்டு எழுதி வைச்சிட்டுப் போனவனாம். அதைப் பாத்து ரெண்டையும் அடிச்சு, ரெண்டு பேரிட்டயும் கையெழுத்து வாங்கி அனுப்பினவன். ஏன் தம்பி, பிழையே?"

குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த சரோ பலமாக இருமினாள்.

"ரவிக்குத் தெரியுமோ?"

"அவனுக்கு என்னத்துக்கு? அவன் லீவுக்கு ட்ருகனினாப் பக்கம் வைக்கல் கட்டு அடுக்கப் போறவன். நேரமே இல்லை."

தேநீர் குடித்துவிட்டு, "அப்ப நான் போட்டு வாறன், மறந்துபோடாதேங்கோ," என்று போனார். கதவைச் சாத்தியதும் சரோ வந்து நின்றாள். அவளுக்கு வியாழக்கிழமையே எல்லாம் சொல்லியிருந்தேன்.

"அந்தக் கொப்பிக்காரன் நீங்கள்தான் எண்டு ஏன் சொல்லேல்ல?"

"சொல்லி?"

"உங்கட கொப்பியால அந்தப் பெடியன்ர தலையில கல்லு விழப்போகுது. உங்களுக்கு வேலை போனா நான் இருக்கிறன். என்ர சம்பளத்தில சாப்பிட வெக்கமெண்டால் வெக்கப்பட்டுக்கொண்டே சாப்பிடுங்கோ. அந்தச் சீட்டில மட்டும் கையெழுத்து வைக்காதேங்கோ."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. சரியாகச் சொன்னவர்கள் மேல் வருகிற கோபம். துரைசிங்கத்தார் மேல் இன்னும் கோபம். தொழிற்சாலையில் மூட்டை தூக்கி வேலை செய்கிற எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்க, இந்த மனிதரின் மகனுக்கு இராணுவம்தானா கிடைத்தது? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் ட்ராமில் ஏறினேன். கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதே ட்ராமில் திரும்பி வந்தேன். சாரதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மறுபடியும் போனேன்.

என் கடிதத்தின் கார்பன் பிரதி வீட்டில் இருந்தது. திங்கள் ஒன்பதரைக்கு அதை எடுத்துக்கொண்டு மேஜரின் அறைக்குள் போனேன். ஒன்றும் பேசாமல் பலகையில் மூன்று கடிதங்களையும் பக்கம் பக்கமாகக் குத்தினேன். ரவியின் இரண்டு, என்னுடைய ஒன்று.

அவர் பூதக்கண்ணாடியை நகர்த்தினார். e, t. மறுபடியும் e, t. நான் சொல்லத் தொடங்கினேன். ஒரே பொறி, பெரியவர்களைச் சிரமப்படுத்தாத வழக்கம், என் கொப்பி, எல்லாம். கையெழுத்துகள் அசல், ஒன்றும் போலியில்லை, பையனுக்கு இது தெரியவும் தெரியாது என்றேன். தகப்பன் வீட்டுக்கு வந்ததையும் சொன்னேன். என் கடிதத்தை நானே எழுதினேன் என்பதைக் கடைசியில், பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் பென்சிலை எடுத்தார். என் கண் முன்னாலேயே என் கடிதத்தில் வெட்டத் தொடங்கினார். விடாமுயற்சியுள்ள, நம்பிக்கைக்குரிய, சிறந்த. ஒவ்வொரு கோடும் மெல்லிதாக, நிதானமாக. வெள்ள வசனத்தில் வந்து நிறுத்தினார்.

"இது நடந்ததா?"

"நடந்தது."

"எப்படிக் காப்பாற்றினீர்கள்?"

"நான் மாடிப்படியில் குடையோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுமந்தது பியோன் மாணிக்கம். இடுப்பளவு தண்ணீரில் எட்டுத் தரம் போய் வந்தான்."

"அதை ஏன் எழுதவில்லை?"

"மாணிக்கம் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கவில்லையே," என்றேன். யோசிக்காமல் வாயில் வந்த பதில். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்கு உறைத்தது.

பென்சில் நேராகியது. பிறகு மஞ்சள் சீட்டை நாலாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"இது மோசடியில்லை. ஆனால் இவை கடிதங்களும் இல்லை. இந்தப் பையனைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இந்த நாட்டில் அவன் வேலை செய்வதைக் கண்ணால் கண்டவர் யாராவது இருந்தால், புதன் பின்னேரம் வரை கோப்பைத் திறந்து வைக்கிறேன்."

வைக்கல் ஞாபகம் வந்தது. ட்ருகனினா இப்போது கிடங்குகளும் புது வீடுகளுமாக இருக்கிறது. அப்போது புல்வெளியும் கல் அடுக்கிய வேலிகளும்தான். விண்ணப்பத்திலிருந்த பண்ணைக்காரரின் பெயரை மேஜரிடம் காட்டினேன். அவரே பக்கத்தில் நின்று என்னைத் தொலைபேசியில் பேச வைத்தார். "எனக்கு எழுத வராதே," என்றார் பண்ணைக்காரர். வந்ததை எழுதுங்கள் என்றேன். புதன் மத்தியானம் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கடிதம் வந்தது. 'இரண்டு கோடைக்கு வைக்கல் அடுக்கினான். ஒரு அடுக்குச் சரிந்து விழுந்தது. அது அவன் அடுக்கியதா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமல் வந்து திருப்பி அடுக்கினான். அதிகம் பேச மாட்டான்.' மேஜர் பென்சிலை எடுத்தார், வாசித்தார், ஒன்றையும் வெட்டாமல் திருப்பி வைத்தார். கோப்பு தெரிவுச் சபைக்குப் போனது.

அன்று நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் தகுதிகாண் அறிக்கைப் படிவம், வெறுமையாக. நாலு மாதம் முந்தியே வந்துவிட்டது.

"எழுதுங்கள், மிஸ்டர் சிவா. உங்களுக்குத்தான் பழக்கம். நான் கையெழுத்து வைக்கிறேன்."

நக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தில் நக்கல் இல்லை. பேனையை நீட்டிக்கொண்டிருந்தார்.

தேநீர் அறையில் இருந்து எழுதினேன். எழுந்து நடந்தேன், திரும்பி வந்து இருந்தேன். படிவத்தின் அடியில் மூன்று பெட்டிகள். உறுதி செய்க, நீடிக்க, நீக்குக. நான் எதில் குறி வைத்தாலும் அந்த மனிதர் கையெழுத்து வைப்பார் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் நாலு வசனம் எழுதினேன். 'எட்டு மாதம் கடிதங்கள் வாசித்தார். தன் சான்றுக் கடிதத்தைத் தானே எழுதியதை மறைத்தார். அதில் இன்னொருவர் செய்ததைத் தன் பெயரில் எழுதினார். ஒரு விண்ணப்பதாரருக்குத் தீங்கு வரும் என்று கண்டபோது வந்து சொன்னார், நாலு நாள் பிந்தி.' நடுப் பெட்டியில் குறி வைத்தேன்.

மேஜர் நின்றபடி வாசித்தார். கையெழுத்து வைத்தார். "ஆறு மாதம்," என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஆறு மாதம் கழித்து உறுதி செய்தார். அந்தப் பலகைக்கு முன்னால் இருபத்தாறு வருடம் நின்றேன்.

ரவியை அந்த வருடம் எடுக்கவில்லை. கணிதம் போதாதென்று சபை திருப்பிவிட்டது. துரைசிங்கத்தார் என்னோடு பேச்சை நிறுத்தினார். மஞ்சள் சீட்டுப் போகாதபடியால் பையன் அடுத்த வருடம் திரும்பவும் போட்டான். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று நான் அந்தக் கோப்பைத் தொடாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன். வைக்கல்காரர் இன்னொரு தாளில் இன்னும் மூன்று வரி எழுதினாராம். எடுத்தார்கள்.

எழுபதுகள் முடிகிற நேரம் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், ஒரு கலியாண வீடு. நானும் சரோவும் மெல்பேர்னிலிருந்து ரயிலில் வந்திருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் எதிரே துரைசிங்கத்தார். பக்கத்தில் ரவி, ஒட்ட வெட்டிய தலை, நேரான தோள். முதல் தடவையாக அவனை நேரில் பார்க்கிறேன்.

"இவரைத் தெரியுமோ?" என்று துரைசிங்கத்தார் பந்திக்கே கேட்கச் சொன்னார். "இவர் அந்தக் கந்தோரிலயே இருந்தவர். ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி வீடு தேடிப்போய்க் கேட்டனான். வாயே திறக்கேல்ல. என்ர பிள்ளை ஆரின்ர தயவும் இல்லாமல், தன்ர கெட்டித்தனத்தில போனவன்."

பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தது. சரோ வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். மூன்று கடிதத்தின் கதையையும் அந்த வாழையிலையிலேயே கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. நானும் மனிதன்தானே, எனக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. ரவி தகப்பனின் பேச்சில் கூசிப்போய் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தான். உண்மையிலேயே தனக்காக யாரோ ஏதோ செய்திருப்பார்களோ என்ற சந்தேகம் அந்த வயதில் ஒருவனை எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் அண்ணை," என்றேன், பந்திக்குக் கேட்கக்கூடியதாக. "அவன் ஆரின்ர தயவிலயும் போகேல்ல."

துரைசிங்கத்தார் வென்றுவிட்ட முகத்தோடு பாயசம் கேட்டார். ரவி இலையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.